வீட்டு ரெகார்டிங்கில் சவுண்ட் கார்டு தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக் என்று பாட்டோ வாத்தியமோ பதிவு செய்யத் தொடங்கிய நண்பர்கள் போன் செய்தால், நலம் விசாரிப்பு இரண்டு நிமிடம்தான். அப்புறம் "ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். ஆள்தான் மாறுகிறாரே தவிர சந்தேகம் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எளிதானவை முன்னால், மண்டையைக் குடைகிறவை பின்னால். பெரும்பாலானவர்களிடம் இருப்பது விண்டோஸ் என்பதால் அதை வைத்தே பேசுகிறேன்; மேக் வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

1. லேப்டாப்லயே சவுண்ட் கார்டு இருக்கே, தனியா ஒண்ணு எதுக்குங்க வாங்கணும்?

லேப்டாப்பில் இருக்கும் சிப் படம் பார்க்கவும் போன் பேசவும் செய்யப்பட்டது. அதில் மைக்குக்கு இருப்பது ஒரே ஒரு சின்னத் துளை. நல்ல மைக்குக்கு வேண்டிய மின்சாரம் அதில் வராது. சத்தம் போதவில்லை என்று அமைப்பில் "மைக் பூஸ்ட்" ஏற்றினால் குரலோடு இரைச்சலும் சேர்ந்து ஏறும். பழகிப் பார்க்க அதுவே போதும், தப்பில்லை. நாலு பேருக்கு அனுப்புகிற மாதிரி பதிவு வேண்டுமென்றால் வெளியில் வைக்கும் பெட்டி தேவைப்படும்.

கடையில் அதை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பார்கள், நம் ஆட்கள் சவுண்ட் கார்டு என்றே சொல்கிறார்கள். மைக் சத்தத்தைப் பெருக்குவது, அதை எண்களாக மாற்றுவது, ஹெட்போனுக்குத் திருப்பித் தருவது ஆகிய மூன்று வேலையும் அதற்குள் நடக்கிறது. இனி "கார்டு" என்றால் இந்த வெளிப்பெட்டி. லேப்டாப்பில் இருப்பதை "உள் கார்டு" என்கிறேன்.

2. கார்டைச் செருகினேன், ஒண்ணுமே வரலை. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? தொட்டியில் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்போம். இதுவும் அப்படித்தான். மைக்கிலிருந்து கார்டு வரை ஒரு பகுதி, கார்டிலிருந்து பாட்டைப் பதிவு செய்கிற சாஃப்ட்வேர் வரை ஒரு பகுதி, சாஃப்ட்வேரிலிருந்து உங்கள் காது வரை ஒரு பகுதி. மைக்கை விரலால் மெல்லத் தட்டுங்கள். கார்டின் முகப்பில் சிக்னல் விளக்கு பச்சையாக மினுக்கினால் முதல் பகுதி சரி. சாஃப்ட்வேரில் மீட்டர் ஆடினால் இரண்டாவதும் சரி. இரண்டும் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் கோளாறு ஹெட்போன் பக்கம்.

இந்தத் தட்டிப் பார்க்கிற வேலையை முடிக்காமல் டிரைவரை, அதாவது கார்டையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கும் புரோகிராமை, அழித்து மறுபடி போடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் வயரிலோ ஸ்விட்சிலோதான் முடிந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க நானே டிரைவரோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஹெட்போன் குமிழ் சுழியத்தில் இருந்தது. முதல் நாள் அந்த அறையைப் பெருக்கித் துடைத்திருந்தார்கள்.

3. கார்டுல பச்சை லைட் எரியுது, சாஃப்ட்வேர்ல மீட்டர் அசையவே மாட்டேங்குது.

அப்படியானால் தடை இரண்டாவது பகுதியில். முதலில் சாஃப்ட்வேரின் ஆடியோ அமைப்பில் உங்கள் கார்டின் பெயர் தேர்வாகியிருக்கிறதா, இல்லை உள் கார்டே நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நீங்கள் பதிவு செய்யும் டிராக்கின், அதாவது ஒரு குரலோ வாத்தியமோ பதிவாகும் வரியின், இன்புட் எண். மைக்கை 2-ல் செருகிவிட்டு டிராக்கில் 1 என்று வைத்திருப்பவர்கள் ஏராளம். ரெகார்ட் பொத்தானை அந்த டிராக்குக்கு ஆன் செய்யாவிட்டாலும் பல சாஃப்ட்வேர்களில் மீட்டர் ஆடாது.

இவ்வளவும் சரி, இன்னும் வரவில்லை என்றால் விண்டோஸ் அமைப்பில் பிரைவசி பகுதிக்குப் போய் மைக்ரோஃபோன் பக்கத்தைத் திறங்கள். டெஸ்க்டாப் செயலிகளுக்கு மைக் அனுமதி தருகிற ஸ்விட்ச் அங்கே இருக்கும். அது அணைந்திருந்தால் சாஃப்ட்வேருக்கு வருவது வெறும் மௌனம்தான், எந்த எச்சரிக்கையும் வராது. மேக்கிலும் இதே மாதிரி அனுமதி உண்டு. முதன்முறை கேட்கும்போது யோசிக்காமல் "வேண்டாம்" அழுத்தியிருந்தால் இப்போது போய் மாற்ற வேண்டும்.

4. கண்டன்சர் மைக் வாங்கினேன், செத்த மாதிரி கிடக்கு.

கார்டில் "48வி" என்ற பொத்தான் இருக்கிறதா? அதை அழுத்துங்கள். கண்டன்சர் மைக் வேலை செய்ய வெளியிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும். பான்டம் பவர் என்பது அதுதான். மைக் வயர் வழியாகவே அது போகிறது. அழுத்தும் முன் ஹெட்போன் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், "டப்" என்று காதில் அடிக்கும். அழுத்திய பிறகு சில விநாடி பொறுங்கள்.

இரண்டு பக்கமும் மூன்று முள் உள்ள எக்ஸ்.எல்.ஆர் வயர்தான் வேண்டும். விலை குறைந்த மைக்குகளோடு, ஒரு பக்கம் எக்ஸ்.எல்.ஆர், மறுபக்கம் போனில் செருகுகிற சின்ன முனை என்று ஒரு வயர் வரும். அதன் வழியே 48 வோல்ட் போகாது. அதை ஓரமாக வைத்துவிடுங்கள். மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக்குக்கு பான்டம் தேவையில்லை. ஒழுங்கான வயரில் இருந்தால் 48 ஆனில் இருந்தும் அதற்கு ஒன்றும் ஆகாது. பழைய ரிப்பன் மைக் கையில் கிடைத்தால் மட்டும் எச்சரிக்கை, பான்டம் அதைக் கெடுத்துவிடக்கூடும்.

5. ஒரு காதுல மட்டும்தான் கேக்குது, ஹெட்போன் போச்சா?

ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கும். இன்புட் 1 என்பது இடது, 2 என்பது வலது என்று சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் ஸ்டீரியோ டிராக் திறந்து ஒரே ஒரு மைக்கைச் செருகியிருக்கிறீர்கள். டிராக்கை மோனோவாக, அதாவது ஒற்றை இன்புட்டாக, மாற்றினால் குரல் நடுவுக்கு வந்துவிடும். நீங்கள் பதிவு செய்யாத வேறு பாட்டும் ஒரு காதில்தான் கேட்கிறது என்றால், ஹெட்போனின் பெரிய அடாப்டர் முழுதாக உள்ளே போகவில்லை.

6. ஏசியோ ஏசியோங்கறாங்களே, அது இல்லாம ஓடாதா?

ஓடும், ஆனால் இழுத்துக்கொண்டு ஓடும். விண்டோஸ் எல்லாச் செயலிகளின் சத்தத்தையும் தன் கையில் வாங்கி, கலந்து, அப்புறம் கார்டுக்கு அனுப்புகிறது. யூடியூப், வாட்ஸ்அப் மணி, உங்கள் பாட்டு எல்லாம் ஒரே அண்டாவில். அந்தக் கலவைக்கு நேரம் பிடிக்கும். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த ஏசியோ என்ற டிரைவர் முறை, அந்த அண்டாவைச் சுற்றிக்கொண்டு சாஃப்ட்வேரையும் கார்டையும் நேராகப் பேச வைக்கிறது. மேக்கில் கோர் ஆடியோ என்ற ஏற்பாடு உள்ளேயே இருப்பதால் இந்தப் பேச்சே கிடையாது.

கார்டு செய்தவர்கள் தங்கள் தளத்தில் ஏசியோ டிரைவர் கொடுத்திருந்தால் அதையே போடுங்கள். "ஏசியோ ஃபார் ஆல்" என்று இலவசமாக ஒன்று கிடைக்கும். அது விண்டோஸின் சொந்த டிரைவர் மேல் போர்த்திய போர்வை. உள் கார்டோடு வேலை செய்ய வேண்டியவர்களுக்கு அது வரம். சொந்த டிரைவர் உள்ள கார்டுக்கு அதைப் போட்டால் இருக்கிற நல்லதையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

7. பாடினா என் குரல் எனக்கே லேட்டா கேக்குது. எப்படிப் பாடறது?

இதற்குப் பெயர் லேட்டன்ஸி. கம்ப்யூட்டர் சத்தத்தைத் துளித்துளியாக வாங்குவதில்லை, ஒரு குவளை நிரம்பும்வரை பொறுத்து மொத்தமாக எடுக்கிறது. அந்தக் குவளைதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் விநாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது சத்தத்தை 48,000 முறை அளந்து எடுப்பது. பஃபர் 512 என்றால் ஒரு குவளை நிரம்ப கிட்டத்தட்ட 10.7 மில்லிவிநாடி. உள்ளே வர ஒரு குவளை, வெளியே போக ஒரு குவளை, மாற்றும் நேரம் கொஞ்சம். ஆக 20-க்கு மேல் போய்விடும். 128 வைத்தால் ஒரு குவளைக்கு 2.7 மில்லிவிநாடிதான்.

இது எவ்வளவு பெரிய தாமதம் என்று மனதில் பிடிக்க ஒரு வழி: காற்றில் ஒலி ஒரு மில்லிவிநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 10 மில்லிவிநாடி என்றால் ஸ்பீக்கர் மூன்றரை மீட்டர் தள்ளி இருக்கிற மாதிரி. மேடையில் அது சகஜம். ஆனால் ஹெட்போனில் சொந்தக் குரலே அப்படிக் கேட்டால் பாடுபவருக்கு எரிச்சல் வரும். வாத்தியக்காரர்களைவிடப் பாடகர்கள்தான் இதை முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.

பாடும்போது 128 அல்லது 64, மிக்ஸிங் செய்யும்போது 512 அல்லது 1024 என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். அதைவிடச் சுலபம், கார்டில் உள்ள டைரக்ட் மானிட்டர் ஸ்விட்ச். அதைப் போட்டால் உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குப் போய் வராமல் கார்டிலிருந்தே ஹெட்போனுக்கு வந்துவிடும்.

8. நீங்க சொன்னபடி டைரக்ட் மானிட்டர் போட்டேன். இப்ப குரல் ரெட்டையா கேக்குது!

கார்டிலிருந்து ஒன்று, சாஃப்ட்வேரைச் சுற்றிக்கொண்டு ஒன்று, இரண்டும் வருகிறது. சாஃப்ட்வேரில் அந்த டிராக்கின் மானிட்டர் பொத்தானை அணையுங்கள். ரெகார்ட் பொத்தானை அல்ல.

9. பஃபரைக் குறைச்சா பட்பட்னு வெடிக்குது.

பந்தியில் பரிமாறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கரண்டி என்றால் அடிக்கடி ஓட வேண்டும். ஒரு இலைக்கு நேரத்துக்கு வரவில்லை என்றால் அங்கே வெறும் இலை. அந்த வெறும் இலைதான் "பட்". பஃபர் 128-ல் கம்ப்யூட்டருக்கு 2.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கெடு. அந்த நேரத்தில் வேறு ஏதாவது ஒரு டிரைவர் பிராசஸரைப் பிடித்து வைத்துக்கொண்டால் கெடு தவறும். பிராசஸர் 15 சதவீதம்தான் ஓடுகிறது என்று காட்டினாலும் இது நடக்கும். கேள்வி மொத்த வேலையைப் பற்றியது அல்ல, அந்த நொடியில் யார் வழிமறித்தார்கள் என்பதுதான்.

லேப்டாப்பைச் சார்ஜரில் போடுங்கள். பவர் அமைப்பை உச்ச செயல்திறனுக்கு மாற்றுங்கள். பதிவு நேரத்தில் வைஃபையை அணையுங்கள். இது மூடநம்பிக்கை இல்லை, வைஃபை டிரைவர்தான் அடிக்கடி வழிமறிக்கும் ஆள். லேட்டன்ஸிமான் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் அதிக நேரம் எடுக்கிறது என்று பெயரோடு காட்டும். வைஃபை அல்லது கிராஃபிக்ஸ் டிரைவர் என்று வந்தால் அதைப் புதுப்பியுங்கள். புதிது வந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால் பழையதற்குத் திரும்புங்கள்.

அப்புறம், பத்து ரிவெர்ப் (எதிரொலி விளைவு) போட்ட ப்ராஜெக்டில் 64 பஃபரில் பாட நினைக்காதீர்கள். இசையை மட்டும் ஒரு ஸ்டீரியோ ஃபைலாக எடுத்து, புது ப்ராஜெக்டில் வைத்து, அதன் மேல் பாடுங்கள். கம்ப்யூட்டருக்கும் மூச்சு வரும்.

10. 1024 வெச்சாலும் எப்பவாவது ஒரு 'டிக்' வருதே?

அப்போது வேகம் காரணம் இல்லை. கார்டைச் செருகிய இடத்தைப் பாருங்கள். கீபோர்டு, பென் டிரைவ், வெப்கேம் எல்லாம் தொங்குகிற ஹப்பில் இருக்கிறதா? எடுத்து நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்கத் துளையைத் தவிர்த்து, மதர்போர்டிலேயே உள்ள பின்பக்கத் துளை. வயரையும் மாற்றிப் பாருங்கள்.

அந்த "டிக்" பதிவில் விழுந்திருக்கிறதா, கேட்கும்போது மட்டும் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். திரும்ப ஓட்டினால் அதே இடத்தில் வருகிறதென்றால் பதிவிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு இடம் என்றால் பதிவு பத்திரம், ஓட்டுவதில்தான் பிரச்சினை. பாதிப் பேர் இதைப் பார்க்காமலே நல்ல டேக்கை அழித்துவிடுகிறார்கள்.

11. பாடிக்கிட்டே இருக்கும்போது கார்டு காணாமப் போய் திரும்ப வருது.

யூ.எஸ்.பி 2.0 துளை தரக்கூடியது 500 மில்லிஆம்பியர். 3.0 என்றால் 900. கார்டு, இரண்டு மைக்குக்குப் பான்டம், ஹெட்போனில் நல்ல சத்தம் என்று சேர்ந்தால் பலவீனமான துளை திணறும். 48 வோல்ட்டை ஆன் செய்ததும் விழுகிறது என்றால் அதுவேதான். தனி அடாப்டர் உள்ள ஹப் அல்லது கார்டுக்கென்று அடாப்டர் துளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

போன் சார்ஜ் செய்யும் வயரை எடுத்துக் கார்டில் போடுவதும் ஒரு காரணம். சில வயர்களில் சார்ஜுக்கான கம்பிகள் மட்டும்தான் இருக்கும். அவற்றில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்குக் கார்டு தெரியவே தெரியாது. நீள வயரும் வேண்டாம். யூ.எஸ்.பி 2.0-க்கு எல்லையே 5 மீட்டர்தான். விண்டோஸில் "யூ.எஸ்.பி செலக்டிவ் சஸ்பெண்ட்" என்று மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஒரு அமைப்பு உண்டு. அதை அணைத்துவிடுங்கள். அது மிச்சம் பிடித்துத் தரும் காசில் ஒரு டீ கூட வராது.

12. சார், சுருதியே மாறிப்போச்சு! நான் பாடினது வேகமா கீச்சுனு கேக்குது.

பதறாதீர்கள், பாட்டு கெடவில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 44,100 சாம்பிள்) பதிவானதை 48-ல் ஓட்டுகிறீர்கள். வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறும். அதாவது ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றே முக்கால் கட்டையில் பாடிய மாதிரி. எதிர்த்திசையில் நடந்தால் குரல் தூக்கக் கலக்கத்தில் இழுத்துக்கொண்டு கேட்கும்.

ப்ராஜெக்ட் அமைப்பு, கார்டின் கண்ட்ரோல் பேனல், விண்டோஸ் சவுண்ட் பகுதியில் அந்தக் கார்டின் பக்கம் என்று மூன்று இடத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும். வீடியோவுக்குப் போகும் வேலை என்றால் 48, சி.டி.க்கு என்றால் 44.1. எதுவாக இருந்தாலும் ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். நடுவில் பிரவுசரில் ஒரு வீடியோவைத் திறந்ததும் கார்டின் எண் மாறிவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள். பதிவு நேரத்தில் பிரவுசரை மூடிவைப்பது அதனால்தான் நல்லது. அந்த நேரத்தில் திறந்து என்ன பார்க்கப் போகிறீர்கள்?

13. பின்னாடி 'ஊம்...'னு ஒரு ரீங்காரம். கார்டை மாத்திடட்டுமா?

மாற்றாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த 50-ம் அதன் மடங்கான 100-ம்தான் உங்கள் ஸ்பீக்கரில் முனகுகிறது. முதல் சோதனை: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். ஊம் நின்றால், எர்த் இரண்டு வழியில் சுற்றி வருகிறது என்று அர்த்தம். லேப்டாப், கார்டு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். கார்டிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரை டி.ஆர்.எஸ் வயராக மாற்றுங்கள், அதாவது முனையில் இரண்டு கறுப்பு வளையம் உள்ளது. அதில் சிக்னல் இரண்டு கம்பியில் தலைகீழாகப் போவதால் வழியில் ஒட்டிய இரைச்சல் மறுமுனையில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஸ்பீக்கரிலும் அதை ஏற்கிற துளை இருக்க வேண்டும்.

பிளக்கில் உள்ள பெரிய எர்த் முள்ளை உடைத்தால் ஊம் போய்விடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். போகும். உயிரும் போகலாம். மைக் கம்பிவலை உதட்டில் படுகிற பொருள் என்பதை மறக்காதீர்கள்.

சார்ஜரைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் அறையைச் சுற்றிப் பாருங்கள். ஃபேனுக்குத் திருகுகிற எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் இருந்தால் ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள், அல்லது அணையுங்கள். பாதி வேகத்தில்தான் அது கரகரக்கும். எலெக்ட்ரானிக் தம்புராவின் அடாப்டர் இன்னொரு ஆள். தம்புராவைக் கார்டில் நேராகச் செருகாமல், பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஒருமுறை ஓதுவார் ஒருவர் தேவாரம் பாட வந்திருந்தார். முதல் பதிகம் கண்ணாடி மாதிரி வந்தது. பதினொரு மணிக்குக் கரண்ட் போனது, இன்வெர்ட்டர் தானாகப் பிடித்துக்கொண்டது. நான் கவனிக்கவில்லை. இரண்டாவது பதிகம் முழுக்க அடியில் வண்டு பறந்தது. அவர்தான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "தம்பி, சுருதிக்கு மேல இன்னொரு சுருதி கேக்குதே" என்றார். சதுர அலை இன்வெர்ட்டர் அப்படித்தான், அதன் மின்சாரம் கரடுமுரடு. சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப் பேட்டரியிலேயே மிச்சத்தை முடித்தோம். அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் சைன் அலை இன்வெர்ட்டர் வாங்குங்கள்.

14. மவுஸை நகர்த்தினா ஸ்பீக்கர்ல 'சிர்ர்'னு சத்தம்.

13-ல் சொன்ன எர்த் கதையின் தம்பி இது. கம்ப்யூட்டருக்குள் ஓடும் மின்சாரச் சலசலப்பு யூ.எஸ்.பி-யின் எர்த் வழியே ஸ்பீக்கருக்கு ஏறுகிறது. டி.ஆர்.எஸ் வயர் போட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும். ஹெட்போனில் கேட்காமல் ஸ்பீக்கரில் மட்டும் கேட்கிறதென்றால் பதிவில் அது இல்லை. நிம்மதியாக வேலையைப் பாருங்கள்.

15. மீட்டர் சிவப்பைத் தொடவே இல்லை, ஆனா மிருதங்கம் உடைஞ்சு கேக்குது.

சாஃப்ட்வேரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைக் குறைத்திருப்பீர்கள். கார்டில் உடைந்த பிறகு ஃபேடரை இறக்கி என்ன பயன்? பால் பொங்கி வழிந்த பிறகு கேஸைக் குறைத்த கதைதான். கார்டில் மைக் சத்தத்தைப் பெருக்கும் கெயின் குமிழைத்தான் குறைக்க வேண்டும். கலைஞரை "மெதுவா ஒரு தட்டு தட்டுங்க" என்று கேட்டு அளவு வைக்காதீர்கள். முத்தாய்ப்பாக வரும் மோராவும் கோர்வையும் வாசிக்கச் சொல்லி, அந்த உச்சத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் நிற்கும்படி வையுங்கள். சோதனையில் வாசித்ததைவிடக் கச்சேரி மூடில் இன்னும் பலமாகத்தான் விழும். தவில் என்றால் இன்னும் தாராளமாக இடம் விடுங்கள்.

"சத்தம் குறைவா பதிவாகுதே" என்று பயப்பட வேண்டாம். 16 பிட் பதிவில் மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் இடைவெளி சுமார் 96 டெசிபல், 24 பிட்டில் கணக்குப்படி 144. 24-ல் பதிவு செய்தால் பின்னால் தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம். கெயின் சுழியத்தில் இருந்தும் உடைகிறது என்றால் கார்டிலோ மைக்கிலோ சத்தத்தைக் குறைத்து உள்ளே விடும் "பேட்" ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் மைக்கைத் தள்ளி வையுங்கள்.

16. வீணைக்குக் கான்டாக்ட் மைக் ஒட்டினேன். தகர டப்பா மாதிரி கேக்குது.

ஒட்டுகிற மைக் பெரும்பாலும் பீசோ வகை, அதாவது அதிர்வை மின்சாரமாக்குவது. அதைச் சாதாரண லைன் துளையில் செருகினால் அடிநாதம் எல்லாம் வடிந்து சக்கை மட்டும் மிஞ்சும். கார்டில் "இன்ஸ்ட்ருமென்ட்" அல்லது "ஹை-இசட்" என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், கிட்டார் படம் கூடப் போட்டிருப்பார்கள். அதை அழுத்துங்கள். அந்தத் துளையின் மின்தடை சுமார் 10 லட்சம் ஓம். பீசோவுக்கு அவ்வளவு வேண்டும். அப்படியும் வீணையின் குடத்து நாதம் முழுதாக வராது. முன்னால் ஒரு கண்டன்சரையும் வைத்து இரண்டையும் கலப்பதே என் வழக்கம்.

17. ப்ளூடூத் ஹெட்போன் போட்டுக்கிட்டுப் பாடலாமா?

வேண்டாம். 7-ல் நாம் 10 மில்லிவிநாடிக்குச் சண்டை போட்டோம், ப்ளூடூத் சாதாரணமாக நூற்றுக்கணக்கில் தாமதிக்கும். கூடவே அந்த ஹெட்போனின் மைக்கையும் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டால் போன் பேசும் முறைக்கு மாறி, பாட்டு முழுக்க பழைய டெலிபோனில் கேட்கிற மாதிரி ஆகிவிடும். வயர் உள்ள மூடிய வகை ஹெட்போன் ஒன்று போதும்.

18. யூ.எஸ்.பி மைக் ஒண்ணு இருக்கு, கார்டும் இருக்கு. ரெண்டையும் சேர்த்து ரெண்டு மைக்கா எடுக்கலாம்ல?

ஏசியோ ஒரு நேரத்தில் ஒரு டிரைவரோடுதான் பேசும் என்பது முதல் தடை. ஏதோ ஒரு வழியில் சேர்த்துவிட்டாலும் இரண்டாவது தடை பெரிது. யூ.எஸ்.பி மைக்குக்குள்ளும் ஒரு குட்டிக் கார்டு இருக்கிறது, ஒவ்வொரு கார்டுக்குள்ளும் சொந்தக் கடிகாரம் உண்டு. இரண்டும் 48,000 என்று சொன்னாலும் இரண்டின் 48,000-ம் ஒன்றல்ல. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்தால் நிமிடத்துக்கு 3 மில்லிவிநாடி விலகும். ஐந்து நிமிடக் கீர்த்தனையின் கடைசியில் 15. வயலினும் மிருதங்கமும் சேர்ந்து ஆரம்பித்துத் தனித்தனியாக முடிக்கும்.

மேக்கில் இரண்டு கருவியை ஒன்றாக்கி, விலகலைத் திருத்தும் வசதி உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ்காரர்கள் யூ.எஸ்.பி மைக்கை விற்றுவிட்டு எக்ஸ்.எல்.ஆர் மைக் வாங்குவதே மேல்.

19. நான் தாளத்துல சரியாத்தான் பாடறேன், பதிவுல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பின்னாடி விழுது.

உங்கள் மேல் தப்பில்லாமல் இருக்கலாம், சோதித்துவிடலாம். பான்டம் பவரை அணையுங்கள். ஸ்பீக்கரை அணைத்து, ஹெட்போனையும் கழற்றி வையுங்கள். கார்டின் பின்பக்க அவுட்புட்டிலிருந்து ஒரு வயரை எடுத்து அதன் இன்புட் 2-லேயே செருகி, அதை லைன் அளவில் வையுங்கள். சாஃப்ட்வேரில் ஒரு டிராக்கில் "டக்" என்ற சத்தத்தை வைத்து ஓட்டி, இன்னொரு டிராக்கில் பதிவு செய்யுங்கள். அந்த டிராக்கின் மானிட்டர் அணைந்திருக்கட்டும், இல்லாவிட்டால் ஊளையிடும். இரண்டு அலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். சாஃப்ட்வேர் கணக்கு சரியென்றால் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும்.

உதாரணத்துக்கு, பதிவானது 213 சாம்பிள் தள்ளி நிற்கிறது என்று வைப்போம். 48-ல் அது 4.4 மில்லிவிநாடி. கார்டின் டிரைவர் தன் தாமதத்தைச் சாஃப்ட்வேரிடம் குறைத்துச் சொல்லியிருக்கிறது. ரெகார்டிங் அமைப்பில் ஆஃப்செட் என்ற கட்டம் இருக்கும், அங்கே அந்த 213-ஐப் போட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். பஃபரை மாற்றியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் நின்றபிறகும் பாட்டு பின்னால் விழுந்தால், மன்னிக்கவும், தாளத்தோடு உட்கார வேண்டியதுதான்.

20. அண்ணன் கொடுத்த பழைய பி.சி.ஐ கார்டு இருக்கு. புது கம்ப்யூட்டர்ல ஓடுமா?

கம்ப்யூட்டருக்குள்ளேயே கார்டைச் செருகுகிற அந்தப் பழைய பி.சி.ஐ துளை புது மதர்போர்டுகளில் அபூர்வம். துளை இருந்தாலும் 64 பிட் டிரைவர் வந்திராவிட்டால் முடிந்தது கதை. யூ.எஸ்.பி கார்டுகளுக்கு நிலைமை மேல். 2017-ல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்டிலிருந்து யூ.எஸ்.பி ஆடியோ 2.0 வகைக் கார்டுகளுக்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதில் ஏசியோ சேராது, அதற்கு 6-ல் சொன்னதுதான். பி.சி.ஐ கார்டை அண்ணன் நினைவாக அலமாரியில் வையுங்கள்.

21. எல்லாம் பார்த்தாச்சு. கார்டே போயிடுச்சுன்னு எப்படி உறுதிப்படுத்தறது?

வேறொரு கம்ப்யூட்டரில், வேறு யூ.எஸ்.பி வயரோடு செருகுங்கள். கம்ப்யூட்டர் கிடைக்காவிட்டால் போன் போதும். போனில் யூ.எஸ்.பி வயரைச் செருக உதவும் ஓ.டி.ஜி அடாப்டர் வழியே பல கார்டுகளைப் போன் எடுத்துக்கொள்ளும், மின்சாரம் போதாவிட்டால் இடையில் அடாப்டர் உள்ள ஹப். அங்கேயும் அதே கோளாறு என்றால் 19-ல் சொன்ன மாதிரி அவுட்புட்டை இன்புட்டில் செருகிச் சோதியுங்கள். ஒவ்வொரு இன்புட்டாக. ஒன்று மட்டும் செத்து மற்றது வேலை செய்தால் அந்தத் துளையோ அதன் பெருக்கியோ போயிருக்கிறது. பல நேரம் துளையின் சால்டர் விட்டிருக்கும். கையில் சால்டரிங் அயர்ன் பழகிய ரேடியோ மெக்கானிக் அதைச் சரிசெய்துவிடுவார்.

எல்லா இன்புட்டும் ஒரே நாளில் போயிருந்தால் முந்தைய இரவு இடி இடித்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நான் வேலை முடிந்ததும் பிளக்கை மட்டுமல்ல, நெட் வயரையும் கையால் உருவிவிடுகிறேன். உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் பெட்டியைத் திறக்காதீர்கள். பில்லை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே போங்கள்.